விழி உரைத்த நோய்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் 71ஆம் அதிகாரமும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரைப் பெற்றுள்ளன. அரசன் உள்ளக் கருத்தை அமைச்சன் அறிவதை முன்னது கூறுகின்றது. தலைவியின் உள்ளத்தைத் தலைவன் அறிவதைப் பின்னது கூறுகின்றது. சூழல் வேறாயினும் இரண்டிலும் கண்ணே சான்றாக நிற்கின்றது. புகழேந்தியாரின் நளவெண்பாவில் நளன் வடிவில் அமர்ந்திருந்த தேவர்களிடையே மெய்யான நளனைத் தமயந்தி கண்டுகொள்வதற்குக் கண்ணிமைத்தலும் ஓர் அடையாளமாகின்றது. இமைப்பவன் மனிதன், இமையாதவர் தேவர். கண்ணின் சிறு அசைவு ஒருவரின் இயல்பை வெளிப்படுத்தும் என்பதைத் தமிழ் மரபு நன்கு அறிந்திருந்தது.

உள்ளத்தின் குறிப்பைக் கண்ணில் கண்டது இலக்கியம். நரம்பும் தசையும் நலிவுறுங்கால் அந்நலிவின் குறிப்பையும் கண்ணே முதலில் காட்டுகின்றது என்பதை மருத்துவம் கண்டறிந்தது. இமை தாழ்தல், பொருள் இரண்டாகத் தோன்றுதல், விழி விரைந்து திரும்ப மாட்டாமை ஆகிய இக்குறிகளின் பொருள் விளங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவ்வரலாற்றில் சென்னைக்கும் பம்பாய்க்கும் சிறப்பான இடம் உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்வகைத் தேர்வில் விழி

சித்த மருத்துவர்கள் நோயைக் கணிக்க நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எண்வகைத் தேர்வினை வகுத்தனர். விழி இவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. விழியின் நிறம், ஈரம், வறட்சி, ஒளி ஆகியவற்றைக் கொண்டு வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் மிகுதி குறைவுகளை அவர்கள் கணித்தனர். கண் நோய்களை மட்டும் விரித்துரைக்கும் நயனவிதி நூல்களும் தமிழில் எழுந்தன. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் கண் நோயாளரின் விழிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டி, நோய்க்குறிப்புகளுடன் சேர்த்து வைத்தனர். அவ்வேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன.

எனினும் இம்மரபு பெரிதும் நோக்கியது கண்ணின் தோற்றத்தையே. கண்ணின் இயக்கத்தைத் தனியே பிரித்து, அதன் வேகத்தையும் சோர்வையும் நோய்க்குறியாகக் கொள்ளும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே உருப்பெற்றது.

கண்ணை இயக்கும் அமைப்பு

ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் மூன்றாவது, நான்காவது, ஆறாவது ஆகியவை இத்தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்கின்றன. மேலிமையை உயர்த்தும் தசையும் மூன்றாம் நரம்பின் ஆட்சிக்கு உட்பட்டதே. விழித்திருக்கும் நேரம் முழுதும் இவை ஓய்வின்றி உழைக்கின்றன. கைகால் தசைகளைவிட மிகுந்த வேகத்தில் நரம்புத் துடிப்புகளை ஏற்கின்றன. இரு விழிகளும் இம்மியளவு பிசகினும் பொருள் இரண்டாகத் தெரியும். கைத்தசையில் சிறு தளர்ச்சி ஏற்பட்டால் பல நாள் புலப்படாமல் போகலாம். கண்தசையில் அதே அளவு தளர்ச்சி ஏற்பட்டால் உடனே வெளிப்பட்டு விடும். நரம்பு, தசை நோய்கள் பலவற்றைக் கண் முந்தி அறிவிப்பதற்குக் காரணம் இதுவே.

ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குப் பார்வையை மாற்றும்போது விழி நகர்வதில்லை, தாவுகின்றது. ஏட்டை வாசிப்பவரின் கண் வரிமேல் வழுக்கிச் செல்வதாகத் தோன்றினும், உண்மையில் அது நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவியே செல்கின்றது. இத்தாவலுக்குப் பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமீல் சவால் வழங்கிய 'சக்காடு' என்னும் சொல்லே மருத்துவ நூல்களில் நிலைத்தது. தமிழில் இதனை விழித்தாவல் எனலாம். நலமுள்ளவரின் விழித்தாவல் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்து விடும். மனித உடலின் அசைவுகளுள் மிக விரைவானவற்றுள் இதுவும் ஒன்று.

நஞ்சும் இமையும்

கண்ணசைவின் குறி உயிர் காக்கும் குறியாக அமைவது பாம்புக் கடியில்தான். திருமூர்த்தி மலைக்கும் அமராவதி ஆற்றுக்கும் இடைப்பட்ட உடுமலைப் பகுதியில் கரும்பும் தென்னையும் செழித்த தோட்டங்கள் நிறைந்துள்ளன. தோட்டத்துச் சாளையில் தரையில் பாய் விரித்து உறங்குவது உழவர்க்கும் பண்ணையாட்களுக்கும் நெடுநாளைய வழக்கம். கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. உறங்குபவரை அது தீண்டினால் பெரும்பாலும் வலி இராது, வீக்கம் இராது, பல்பட்ட தடம்கூடப் புலப்படாமல் போகலாம். விடியலில் எழுபவர் வயிற்றுவலி என்பார். கண்ணைத் திறக்க இயலவில்லை என்பார். தூக்கக் கலக்கம் என வீட்டார் எண்ணுவர். அந்த இமைத்தாழ்வே நஞ்சு ஏறியதன் முதல் வெளிப்படை. அதன்பின் பார்வை இரட்டையாகும், விழி அசையாது நிற்கும், விழுங்குதல் தடைப்படும், இறுதியில் மூச்சுத் தசைகள் செயலறும். இமை தாழ்ந்ததற்கும் மூச்சு நிற்பதற்கும் இடைப்பட்ட சில மணி நேரமே மருத்துவத்திற்குக் கிடைக்கும் காலம்.

சென்னையில் 1819இல் தொடங்கப்பெற்று, இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக விளங்கிய இராபர்ட் ஹென்றி எலியட், கண்ணழுத்த நோய்க்கான அறுவை முறையால் புகழ் பெற்றவர். அவரே நாகப்பாம்பின் நஞ்சினையும் ஆராய்ந்து, இலண்டன் அரச கழகத்தின் இதழில் 1905இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கண்ணையும் நஞ்சையும் ஒருவரே ஆராய்ந்தமை தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அவ்விரண்டையும் இணைக்கும் உண்மை பின்னர் வெளிப்பட்டது.

நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சுரந்து தசையின் ஏற்பிகளில் சென்று படிந்தால்தான் தசை சுருங்கும். நாகத்தின் நஞ்சு அந்த ஏற்பிகளை அடைத்து விடுகின்றது. கட்டுவிரியனின் நஞ்சிலோ நரம்பு முனையையே சிதைக்கும் பொருளும் உண்டு. சிதைந்த முனை மீண்டும் வளரும் வரையில் செயற்கை மூச்சளித்துக் காத்தால் நோயாளி பிழைப்பார். செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சினையும் எடுத்து, நச்சு முறிமருந்து உருவாக்கத்திற்கு வழங்கி வருகின்றது. முறிமருந்து இருந்தும் இறப்பு குறையவில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மாண்டனர் என ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். கடித்தடம் இல்லையே என்று காலம் தாழ்த்தியதும், மந்திரிப்பவரிடம் முதலில் சென்றதும் பல உயிர்களைக் கொண்டு சென்றன. தடத்தைத் தேடியவர்கள் இமையை நோக்கவில்லை.

அந்தியில் தாழும் இமை

பாம்பு தீண்டாமலே இமை தாழும் நோயும் உண்டு. ஆங்கிலேய மருத்துவர் தாமசு வில்லிசு 1672இல் வெளியிட்ட நூலில், நெடுநேரம் பேசினால் மீன்போல் வாய் பேச இயலாமற்போன ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். காலையில் வலிமையுடனிருந்து பொழுது சாயச் சாய வலுவிழக்கும் இந்நோயை வார்சா நகரத்து மருத்துவர் கோல்டுபிளாம் 1893இல் விரிவாக விளக்கினார். பெர்லின் மருத்துவர் யாலி 1895இல் வழங்கிய பெயரின் ஒரு பகுதியே 'மயசுதீனியா கிராவிசு' என நிலைத்தது. கொடிய தசைச்சோர்வு என்பது அதன் பொருள். இந்நோயாளருள் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு முதற்குறி கண்ணில்தான் தோன்றுகின்றது. காலையில் திறந்திருந்த இமை மாலையில் மூடிக்கொள்ளும். ஓய்வுக்குப்பின் மீண்டும் திறக்கும். இத்தகைய ஏற்றத்தாழ்வு நோயாளிக்கே பகையாயிற்று. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் முடியவில்லை என்றால், அதனை நடிப்பு என்றும் வேலைக்குச் சோம்பல் என்றும் உலகம் கூறிற்று.

இலண்டனின் கிரீனிச் பகுதியில் பணியாற்றிய மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர், இந்நோயின் குறிகள் அம்பு நஞ்சாகிய குராரே விளைக்கும் குறிகளை ஒத்திருப்பதைக் கருதினார். குராரேக்கு மாற்று மருந்தாகிய பைசோசுடிக்மினை 1934இல் நோயாளி ஒருவர்க்கு ஊசிவழிச் செலுத்தினார். தாழ்ந்திருந்த இமை உயர்ந்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதனையும் சாராத ஒரு மருத்துவர் ஒப்புமையுணர்வு ஒன்றையே துணையாகக் கொண்டு கண்ட உண்மை இது.

நோயின் மூலம் மேலும் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் புலப்படவில்லை. அதனைப் புலப்படுத்தியது பாம்பின் நஞ்சே. தைவான் அறிஞர்களாகிய சாங்கும் லீயும் 1963இல் தம் நாட்டுக் கட்டுவிரியன் நஞ்சிலிருந்து, தசையின் ஏற்பிகளை மட்டும் இறுகப் பற்றும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். அப்பொருளைக் கருவியாகக் கொண்டு ஏற்பிகளை எண்ண முடிந்தது. தசைச்சோர்வு நோயாளரிடம் ஏற்பிகள் பெரிதும் குறைந்திருப்பது 1973இல் தெரிய வந்தது. அதே ஆண்டில் பேட்ரிக், லிண்டுசுட்ராம் என்னும் இருவர் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தி, அம்முயல்களின் உடல் அதற்கு எதிராகச் செயற்பட்டுத் தசைச்சோர்வு அடைவதைக் கண்டனர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலின் ஏற்பிகளையே தாக்குவதால் வரும் நோய் இது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. பாம்பு கடித்தவரின் இமையும் இந்நோயாளியின் இமையும் தாழ்வது ஒரே வாயிலில் நேரும் தடையால்தான். இன்று இது மருந்துக்குக் கட்டுப்படும் நோய்.

பம்பாயில் கண்ட மெதுவிழி

இந்திய நரம்பியல் இவ்வரலாற்றுக்கு அளித்த பெருங்கொடை பம்பாயிலிருந்து வந்தது. 1925இல் பிறந்த நோசிர் வாடியா இலண்டனில் ரசல் பிரெயின் என்னும் நரம்பியலறிஞரிடம் பயின்று, 1957இல் தாயகம் திரும்பி, பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நரம்பியல் துறையை வளர்த்தார். அங்கு வந்த நோயாளர் சிலரிடம் நடைத்தள்ளாட்டம், குழறிய பேச்சு, கைந்நடுக்கம் ஆகியவை காணப்பட்டன. சிறுமூளை நலிவினால் வரும் இக்குறிகள் மேலை நூல்களில் முன்பே எழுதப்பட்டவை. நூல்களிற் பேசப்படாத ஒன்றையும் வாடியா கண்டார். ஒருபுறமிருந்து மறுபுறம் நோக்குமாறு சொன்னால் அந்நோயாளரின் விழிகள் தாவவில்லை, ஊர்ந்தன. எதிரே இரு விரல்களை அகற்றிப் பிடித்து, ஒன்றைப் பார், மற்றதைப் பார் என்று சொன்னாலே போதும். வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை. விழியின் மெதுநடையை வெறுங்கண்ணாலேயே காணலாம். பார்வையைத் திருப்ப இயலாத அவர்கள் தலையையே திருப்பினர்.

ஒருவரிடம் கண்ட குறியை அவர்தம் உடன்பிறந்தாரிடமும் பெற்றோரிடமும் தேடியதே வாடியாவின் சிறப்பு. ஒன்பது குடும்பங்களை ஆராய்ந்து, மெதுவிழி அசைவோடு கூடிய பரம்பரைச் சிறுமூளை நலிவு ஒரு தனி நோய்வகை என்பதை நிறுவி, ஆர்.கே. சுவாமியுடன் இணைந்து 1971இல் 'பிரெயின்' என்னும் இலண்டன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். இந்நோயாளரின் கைகால் நரம்புகளும் நலிவதால் முழங்கால், கணுக்கால் மறிவினைகள் நாளடைவில் மறைகின்றன. நோய் மூளையில் தொடங்கினும் நரம்பையும் தசையையும் விட்டு வைப்பதில்லை.

அதே 1971இல் பம்பாயில் கண் சிவப்பு நோய் பெருவாரியாகப் பரவியது. தமிழ்நாட்டார் 'மெட்ராசு ஐ' என வழங்கும் நோயின் ஒரு கொடிய வடிவம் அது. கண் ஆறிச் சில வாரங்கள் கழிந்தபின் சிலருக்குக் கால்கள் விளங்காமற் போயின. கண் நோயையும் கால் நோயையும் இணைத்துக் கண்டவரும் வாடியாவே; அச்செய்தி 1973இல் வெளிவந்தது. வேறு வேறாகத் தோன்றும் இரண்டை இணைத்து நோக்கும் அவரது திறத்துக்கு இதுவும் சான்றாகும்.

மரபணுவும் குடும்பமும்

மெதுவிழி நோய் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கியூபா நாட்டின் ஒல்கின் மாநிலத்தில் இந்நோய் பல குடும்பங்களில் பரவியிருப்பது பின்னர் அறியப்பட்டது. 1996இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதன் மரபணுவைப் பன்னிரண்டாம் குரோமோசோமில் கண்டறிந்தன. அம்மரபணுவில் மூவெழுத்துத் தொடரொன்று திரும்பத் திரும்ப வருகின்றது. நலமுள்ளவரிடம் பெரும்பாலும் 22 முறை வரும் அத்தொடர் 32ஐத் தாண்டிப் பெருகினால் நோய் தோன்றும். பெருக்கம் மிகுந்தால் நோய் இளமையிலேயே தொடங்கும். வாடியா தம் முதுமையிலும் இவ்வாய்வைத் தொடர்ந்தார். ஆறு இந்தியக் குடும்பங்களில் இம்மரபணு மாற்றம் இருப்பதையும், மெதுவிழியே நோயறிதற்குச் சிறந்த குறி என்பதையும் 1998இல் வெளியிட்டார். கண்ணால் கண்டதற்கு மரபணு சான்று கூறுவதற்கு 27 ஆண்டுகள் ஆயின. விழித்தாவலுக்கு ஆணையிடும் மூளைத்தண்டு நரம்பணுக்கள் அழிவதே மெதுவிழிக்குக் காரணம் என 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவ்வாய்வின் தலைப்பிலேயே நோய்வகை வாடியா பெயரால் சுட்டப்பட்டுள்ளது. 2012இல் பத்மபூசண் விருது பெற்ற அவர் 2016இல் மறைந்தார்.

இதனோடு உறவுடைய மற்றொரு பரம்பரைத் தள்ளாட்ட நோய் தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தாரிடையே மிகுந்து காணப்படுவதை 2005இல் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துரைத்தது. அந்நோயிலும் விழித்தாவல் நாளடைவில் மந்தமாகின்றது. ஆகவே இது தொலைவில் உள்ளார் கதையன்று. பெற்றோருள் ஒருவர்க்கு இந்நோய் இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆண், பெண் வேறுபாடு இதற்கில்லை. இவ்வுண்மை அறியப்படாத காலத்தில் தள்ளாடி நடந்தவர் குடிகாரர் எனப் பழிக்கப்பட்டார். வாய் குழறியவர் எள்ளப்பட்டார். தலைமுறை தோறும் தொடர்ந்தால் குடும்பச் சாபம் எனப்பட்டது. அக்குடும்பத்தில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஊரார் தயங்கினர். பழி பெரும்பாலும் மணமாகி வந்த பெண்ணின்மேல் விழுந்தது. இன்றும் நோயை நீக்கும் மருந்து இல்லை. ஆயினும் பெயர் தெரிந்த நோய்க்கும் பெயரற்ற பழிக்கும் வேறுபாடு பெரிது. தள்ளாட்டம் தொடங்குமுன்பே விழித்தாவல் மந்தமாவதைக் கியூபா ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்கூட்டி அறிவதை எல்லாரும் விரும்புவர் எனக் கூற இயலாது. அறிவதா, அறியாதிருப்பதா என்னும் முடிவு அக்குடும்பத்தார்க்கே உரியது, ஊரார்க்கு உரியதன்று.

விழி பிழைத்திருக்கும் நோய்

விழி கெடாதிருத்தலும் ஒரு குறியே. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. இராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் கண்ட இயக்க நரம்பணு நோயின் தனிவகையை 1970இல் விளக்கினர். தென்னிந்தியாவில் இளம் வயதினரிடம் மிகுதியாகத் தோன்றி, கைகால்களை மெலிவித்து, முகத்தையும் நாவையும் தளர்த்தி, செவிப்புலனையும் கெடுக்கும் இந்நோய் சென்னையின் பெயராலேயே உலக மருத்துவ நூல்களில் வழங்குகின்றது. இயக்க நரம்பணு நோய்களில் உடல் முழுதும் தளர்ந்தபோதும் கண்ணசைவு பெரும்பாலும் நெடுங்காலம் நிலைத்திருக்கும். பேச்சும் கையும் இழந்தவர் எழுத்தட்டையின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நோக்கியே தம் கருத்தை உணர்த்துகின்றனர். வள்ளுவர் கூறிய குறிப்பறிதல் இங்கு உடனிருப்பார் அன்றாடம் ஆற்றும் கடமையாகி விடுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. கண்ணசைவு பிறழ்தலும் இமை தாழ்தலும் நரம்பு, தசை நோய்களின் முற்குறிகளாக அமைகின்றன. இக்குறிகளைக் கண்டறிந்தவர் பலரும் அரிய கருவிகளைக் கொண்டு கண்டிலர். மேரி வாக்கர் நோக்கியது ஓர் இமையை. வாடியா நோக்கியது இரு விரல்களுக்கிடையே ஊர்ந்த விழிகளை. இக்குறிகள் அதற்கு முன்பும் இருந்தன. அவற்றைக் கண்டோர் தூக்கம் என்றனர்; சோம்பல் என்றனர்; குடி என்றனர்; சாபம் என்றனர்.

இன்று உடுமலையிலிருந்து கோவையின் நரம்பியல் மருத்துவர்களையும் கண் மருத்துவர்களையும் அடைவது ஒரு முற்பகல் வேலையே. பரம்பரை நோய்க்கும் தசைச்சோர்வு நோய்க்கும் அந்தக் கால அளவு போதும். கட்டுவிரியன் கடிக்கு அது போதாது. சாளையில் தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடு இமை திறக்க முடியாமல் எழுவாராயின், கடித்தடம் தேடிக் காலம் போக்காமல், மூச்சுக்கருவியும் நச்சு முறிமருந்தும் உள்ள அண்மை மருத்துவமனைக்கு உடனே அவரைக் கொண்டு செல்ல வேண்டும். கட்டிலில் கொசுவலைக்குள் உறங்குவது கடியையே பெரிதும் தவிர்க்கும். மூன்றரை நூற்றாண்டு வரலாறு ஒரு சிற்றூர்க் குடும்பத்துக்குச் சொல்லக்கூடிய செய்தி இவ்வளவே. வீட்டார் ஒருவர் அந்த இமையை நோக்கி ஐயுற்றால் அச்செய்தி பயன்பட்டதாகும்.